பார்த்தவர் பெயர்

கோழி பத்தொன்பதைப் பற்றிய காகிதத்தைப் படித்ததும் அழுத்தக்காரிக்குச் சிரிப்பு வந்தது. "துணிவு: 1. எதிரே ஆள் இருந்தால் உறைந்துபோதல். நீண்ட மௌனம். தானாக எதையும் தொடங்குவதில்லை" என்று பச்சை மையில் எழுதியிருந்தது. பத்தொன்பதா உறைந்துபோகும்? தீனி வாளியைக் கீழே வைப்பதற்குள் அதன் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொள்கிற பிறவி அது. போன வாரம்தான் அவள் செருப்பு வாரைக் கொத்தி அறுத்திருந்தது. யாரோ வேறு கோழியைப் பார்த்துவிட்டு எண்ணை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, அந்தக் காகிதத்தைத் தனியே எடுத்து வைக்கப் போனாள்.

அப்போதுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது. "பழகும் தன்மை: 1. தேநீர் நேரத்தில் சக பணியாளர்களுடன் பேசுவதில்லை."

எந்தக் கோழியும் தேநீர் குடிப்பதில்லை. அவள் காகிதத்தின் தலைப்பக்கத்தைப் பார்த்தாள். 'வளைய எண்' என்று அச்சடித்த இடத்தில் வெள்ளை மை பூசி, அதன்மேல் 'பணியாளர் எண்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். பணியாளர் எண் பத்தொன்பது அவள்தான். பதினோரு வருடமாக அந்தக் கோழி ஆராய்ச்சி நிலையத்தின் கோழிகளைப் பார்த்துக்கொள்கிறவள்.

அங்கே எதற்கும் ஒரே படிவம். பேராசிரியர் இருபது வருடத்துக்கு முன் வகுத்தது. துணிவு, நிதானம், பழகும் தன்மை, ஆர்வம், விடாப்பிடி என்று ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். மனிதர்களுக்கு இருப்பதுபோலக் கோழிகளுக்கும் பிறவிச் சுபாவம் உண்டு, அதை அளக்கலாம், அது தாயிடமிருந்து குஞ்சுக்குப் போகிறது என்பது அவர் கட்சி. கட்சியில் பெரிய தப்பு இல்லை. கோழிகளோடு ஒரு பொழுது இருந்தவர்கள் யாரும் அவற்றுக்குச் சுபாவம் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் இந்த வருடம் அவருக்கு இன்னொரு யோசனை உதித்துவிட்டது. கோழிக்குப் பொருந்துகிற அளவுகோல் ஆளுக்கும் பொருந்தத்தானே வேண்டும்? ஒப்பந்தப் பணியாளர்கள் பன்னிரண்டு பேருக்கும் மதிப்பீடு வேண்டும் என்று நிர்வாகம் கேட்டபோது, மனிதர் அதே படிவத்தை எடுத்து இரண்டு இடத்தில் வெள்ளை மையைப் பூசி வேலையை முடித்துவிட்டார். அடியில் இருந்த 'இறகின் நிலை' என்ற வரியை மறைக்க மறந்துபோயிற்று. அதற்கு எதிரே யோக்கியமாக ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார்.

படிவம் ஒன்றாக இருந்ததால் அலுவலக எழுத்தருக்கும் ஆள் எது கோழி எது என்று தெரியவில்லை. பன்னிரண்டு பேரையும் கோழிக் காகிதங்களோடு சேர்த்துக் கட்டி அடுக்கி வைக்க அனுப்பிவிட்டார். அடுக்கி வைப்பது அழுத்தக்காரியின் வேலை.

ஐந்து கட்டத்தையும் கூட்டிப் பார்த்தாள். ஒன்று, நான்கு, ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வந்தது. மறுபடி கூட்டினாள், மறுபடியும் பதினொன்றுதான். கூடவே இருந்த சுற்றறிக்கையில், பன்னிரண்டுக்குக் கீழே பெற்றவர்களின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடியும் என்று போட்டிருந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் பதினாறு நாள்.

அந்த மதிப்பீடு நடந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர், இந்தப் பக்கம் அவள். "உங்க பலம்னு எதைச் சொல்லுவீங்கம்மா?" என்று கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பச்சைப் பேனாவோடு காத்திருந்தார். சொல்வதற்கு அவளிடம் இல்லாமலா? எந்தக் கோழி எந்த மூலையில் முட்டையை ஒளிக்கும், எது சளி பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீரை மறுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதினைந்து நிமிடம் ஆனதும் அவர் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு இந்தக் கதைதான். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் பாடச் சொன்னால் வாயைத் திறக்கமாட்டாள். "வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா?" என்று அம்மா திட்டித் தீர்ப்பாள். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கியதும் உள்ளேயிருந்து முழுப் பாட்டும் கேட்கும், ஓர் அடி விடாமல். அழுத்தக்காரி என்று அம்மா வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. படபடவென்று பேசுகிற அக்காவுக்குப் பட்டாசு என்று பெயர். அக்கா எந்த மதிப்பீட்டிலும் இருபதுக்குக் குறையமாட்டாள்.

அன்று மாலை தையற்கடையில் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் அவளுக்குப் பேச்சு வரும், ஏனென்றால் அவன் எப்போதும் ஊசி முனையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டு முடித்துவிட்டு மெஷினை நிறுத்தினான்.

"அளவெடுக்கும்போது எவனும் அவன் வயித்தோட நிக்கறதில்ல," என்றான். "டேப்பைப் பாத்ததும் மூச்சை உள்ள இழுத்துக்குவான். அந்த அளவுக்குத் தச்சா ரெண்டாம் நாளே பட்டன் தெறிக்கும். நான் என்ன பண்ணுவேன்? பையன் எத்தனாவது படிக்கறான், கூரை ஒழுகறது நின்னுச்சான்னு பேச்சு குடுப்பேன். அவன் மறந்துட்டான்னு தெரிஞ்சதும்தான் டேப்பை இறுக்குவேன். உங்க சாருக்கு இந்தத் தொழில் தெரியல, அவ்வளவுதான்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னான். ஆனால் அவள் எழுந்து வீட்டுக்குப் போய், பரணில் பழைய துணி மூட்டைக்குப் பின்னால் இருந்த பதினோரு நோட்டுகளையும் கீழே இறக்கினாள்.

நோட்டுக் கதையைச் சொல்லவேண்டுமானால் சோதனையைச் சொல்லவேண்டும். மரத்தில் செய்த சின்னத் தொட்டி ஒன்று, உள்ளே துணி விரித்தது. நிலையத்தில் அதைத் தொட்டில் என்பார்கள். கோழியை அதில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின்மேல் பத்து விநாடி கையை வைத்திருந்துவிட்டு எடுத்துவிட வேண்டும். கோழி செத்ததுபோல அப்படியே கிடக்கும், கண் மட்டும் திறந்திருக்கும். எத்தனை நேரம் கழித்துத் துள்ளி எழுகிறது என்பதை வைத்துத்தான் துணிவுக்கு எண் போடுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் எழுந்தால் துணிச்சல்காரி. ஐந்து நிமிடம் தாண்டினால் பயந்தாங்கொள்ளி.

நிலையத்தில் இரண்டு கொட்டகை. முதல் கொட்டகை பேராசிரியர் அறைக்கு நேர் எதிரே. திங்கள்கிழமைதோறும் அவரும் ஆராய்ச்சி மாணவரும் அங்கே வந்து, நிலையத்தில் இருந்த ஒரே ஸ்டாப்வாட்சோடு தொட்டிலை அடைத்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள். மாணவருக்குப் பணியாளர்கள் வைத்த பெயர் முட்டைக்கண். இமைக்காமல் பார்ப்பதில் அந்த ஆளை மிஞ்ச யாரும் கிடையாது. இரண்டாம் கொட்டகை பின்பக்கம், கால் புதைகிற சகதியைத் தாண்டிப் போகவேண்டும். அவ்வளவு தூரம் போய்ச் செருப்பைப் பாழாக்கிக்கொள்ள யாருக்கும் மனம் வராததால் அந்தச் சோதனை முழுக்க அவள் தலையில் விழுந்தது. ஸ்டாப்வாட்ச் அவளிடம் இல்லை. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. கோழியைப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பிச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். பின்னால் சிறகு படபடத்தால் நேரத்தைக் குறித்துக்கொள்வாள்.

முதல் வருடமே அவளுக்கு ஒன்று உறைத்தது. எந்தக் கோழியானாலும், அவள் சுவரைப் பார்த்தபடி நின்றால் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. பேராசிரியர் குனிந்து நின்றால் கிடையாய்க் கிடக்கிறது. அதனால் பதிவேட்டின் ஓரத்தில் யார் நின்றார்கள், எங்கே நின்றார்கள் என்று எழுத ஆரம்பித்தாள். பேராசிரியருக்கு 'பே', முட்டைக்கண்ணுக்கு 'மு'. அது முனைவரின் சுருக்கம் என்று நினைத்து மாணவர் மகிழ்ந்துபோனார், பட்டம் இன்றுவரை கைக்கு வரவில்லை என்றாலும். பேராசிரியர் மகிழவில்லை. சுபாவம் கோழிக்குள் இருக்கிறது, யார் நின்றால் என்ன, ஓரத்தில் கிறுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

வாயைத் திறந்து எதிர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்ல வாய்த்தால் சொல்லமாட்டாளா? பதிவேட்டில் எழுதுவதை நிறுத்தினாள். ஆனால் அன்றிலிருந்து கணவனின் கடைப் பென்சிலால் தன் சொந்த நோட்டில் எழுதினாள். வருடத்துக்கு ஒரு நோட்டு. ஒவ்வொரு கோழிக்கும் நாள், நேரம், பார்த்தவர் பெயர். பிடித்த பிடியை விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. 'விடாப்பிடி' கட்டத்தில் மூன்று போட்டவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

இதற்குள் பேராசிரியர் தன் ஆராய்ச்சிக்கு மகுடம் சூட்டியிருந்தார். முதல் கொட்டகைக் கோழிகள் பரம்பரையாகப் பயந்தவை, இரண்டாம் கொட்டகைக் கோழிகள் பரம்பரையாகத் துணிந்தவை, ஆக இரண்டு சுபாவம், இரண்டு வம்சம் என்று ஒரு தடித்த புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது. அன்று மாலை பதினோரு நோட்டையும் விரித்துப் பார்த்தபோது அழுத்தக்காரிக்கு அந்த இரண்டு வம்சமும் எங்கிருந்து வந்தன என்பது பளிச்சென்று தெரிந்தது. ஒரு வம்சத்தைப் பேராசிரியர் பார்த்திருந்தார். இன்னொரு வம்சத்தை யாருமே பார்க்கவில்லை.

மறுநாள் காலை நோட்டுகளைத் தீனிச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். பேசவில்லை. மூன்று நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்து, ஓரத்தை விரலால் காட்டினாள். அவர் புரட்டினார். பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் முகம் வெளுத்துவிட்டது. மனிதர் முட்டாள் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு நோட்டை மூடிவிட்டு, இது முறைப்படி எடுத்த குறிப்பு ஆகாது என்றார். வருகிற வியாழக்கிழமை புத்தகத்தைச் சரிபார்க்க வெளியிலிருந்து பரிசோதகர் வருகிறார், அவர் கண்ணில் இது பட்டால் வீண் குழப்பம் என்றார். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்க மதிப்பீட்டைப் பாத்திருப்பீங்க. வருத்தப்படாதீங்கம்மா. அது குறை ஒண்ணும் இல்ல, சுபாவம். ஆனா துணிவுக் கட்டத்தை நான் இன்னொரு தடவை யோசிச்சுப் பாக்கலாம். வியாழக்கிழமை நல்லபடியா முடியட்டும். இந்த நோட்டெல்லாம் உங்க வீட்டுலயே பத்திரமா இருக்கட்டும்."

அவள் நோட்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பேசாதவர்கள் எல்லாரும் சம்மதித்தவர்கள் என்று நினைப்பது பெரிய மனிதர்களுக்கு வசதியான பழக்கம்.

வீட்டிலும் அதே பாட்டுதான். பேசாமல் சரி என்று தலையாட்டிவிடு, வேலைதானே முக்கியம், கோழிக்கு வம்சம் ஒன்றாக இருந்தால் என்ன, இரண்டாக இருந்தால் நமக்கென்ன என்றான் கணவன். அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது. இந்த வேலை போனால் இன்னொரு இடத்தில் போய் உட்கார வேண்டும். அங்கேயும் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அங்கேயும் அவள் உறைந்துபோவாள். அதெல்லாம் அவளுக்குத் தெரியாதா?

"அவர் அந்த ஒண்ணை நாலாக்கினா நான் நாலாயிடுவேனா?" என்று கேட்டாள். "நேத்து வரைக்கும் நான் பயந்தாங்கொள்ளி, நோட்டை ஒளிச்சு வச்சா துணிச்சல்காரியா? நல்லா இருக்கு நியாயம்."

அவன் ஊசியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். பிறகு ஞாபகம் வந்தவனாகச் சட்டென்று ஊசியைப் பார்க்கத் திரும்பிவிட்டான். "அப்ப எடுத்துட்டுப் போ," என்றான்.

வியாழக்கிழமை பரிசோதகர் வந்தார். வேறொரு நிலையத்தில் மீன்களின் சுபாவத்தை ஆராய்கிறவர், ஐம்பது வயது இருக்கும். வந்து இறங்கிய அரைமணி நேரத்துக்குள் பணியாளர்கள் அவருக்கு மீன்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சோதனையைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டதும் பேராசிரியர் உற்சாகமாக முதல் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அழுத்தக்காரி எழுபத்துமூன்றாம் கோழியைத் தொட்டிலில் படுக்கவைத்துக் கையை எடுத்தாள். பேராசிரியர், முட்டைக்கண், மீன்காரம்மா மூவரும் சுற்றி நின்று குனிந்தார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று. கோழி மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. நான்காவது நிமிடத்தில் பேராசிரியர், பயந்த வம்சம் என்றால் இப்படித்தான் என்று மெல்லிய குரலில் விளக்க ஆரம்பித்தார்.

மூலையில் தீனிச் சாக்கு இருந்தது. சாக்கில் நோட்டுகள் இருந்தன. இப்போது சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவள் தொண்டையைச் செருமினாள். மூன்று தலைகளும் நிமிர்ந்து அவளைப் பார்த்தன. அவ்வளவுதான், நாக்கு ஒட்டிக்கொண்டது. பேராசிரியரின் முகத்தில் எச்சரிக்கை தெரிந்தது. முட்டைக்கண் இமைக்கவே இல்லை. தொட்டிலில் கோழியும் வெளியே அவளுமாக இரண்டு பேரும் கல்லாகிவிட்டார்கள். தன்மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தக் கோபத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். மூன்று பெரிய மனிதர்களுக்கும் முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

எதிரே தீனி அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி பேசினாள். குரல் முதலில் கரகரத்தது, பிறகு தெளிந்தது.

"இந்தக் கோழி பயந்த வம்சம் இல்ல மேடம். அது எந்திரிக்காததுக்குக் காரணம் நீங்க மூணு பேரும் அதையே பாக்கறது. பின்னாடிக் கொட்டகையில நான் இப்படித்தான் சுவத்தைப் பாத்து நிப்பேன். அங்க எல்லாம் துணிஞ்ச கோழி. பதினோரு வருஷமா யார் பாத்தாங்கன்னு எழுதி வச்சிருக்கேன், அந்தச் சாக்குல இருக்கு. நம்பிக்கை இல்லன்னா நீங்களும் திரும்பி நின்னு பாருங்க."

இது நாகரிகமில்லாத நடத்தை என்று பேராசிரியர் ஏதோ சொல்லத் தொடங்கினார். மீன்காரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், செருப்பு தரையில் தேய அவள் பக்கத்தில் வந்து சுவரைப் பார்த்து நின்றார். அவரே திரும்பியபிறகு முட்டைக்கண் நின்று என்ன செய்வார், அவரும் திரும்பினார். கடைசியில் பேராசிரியரும். நான்கு படித்த, படிக்காத முதுகுகளுக்குப் பின்னால் கொட்டகை அமைதியாக இருந்தது. அழுத்தக்காரி மனதுக்குள் விநாடிகளை எண்ணினாள். ஒன்பதாவது விநாடியில் பின்னால் சிறகுகள் படபடவென்று அடித்தன. எழுபத்துமூன்று தொட்டிலை விட்டுக் குதித்து, பேராசிரியரின் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடிப்போயிற்று.

ஒரு கோழி போதாது என்றார் பேராசிரியர், குரல் இறங்கிப்போய். அவள் சகதியைத் தாண்டிப் போய்ப் பத்தொன்பதைக் கொண்டுவந்தாள். வம்சத்திலேயே மகா துணிச்சல்காரி என்று அவர் புத்தகத்தில் தனிப் பக்கம் வாங்கியிருந்த கோழி. அதைப் படுக்கவைத்துவிட்டு, இதை மூன்று பேரும் நன்றாகப் பாருங்கள் என்றாள். பார்த்தார்கள். ஆறு நிமிடம் இருபது விநாடி. வாளி விளிம்பில் ஏறுகிற அந்தக் கோழி கண்ணைத் திறந்துகொண்டு கிடந்த கிடையைப் பார்க்க அழுத்தக்காரிக்குத் தாங்கவில்லை. கடைசியில் அவளே தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கிடக்கிற கோழி தூங்குவதில்லை. யார் எங்கே நிற்கிறார்கள், எப்போது நகர்வார்கள் என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் கிடக்கிறது. பதினோரு வருடம் அவளும் அப்படித்தான் கிடந்தாள்.

மீன்காரம்மா சாக்கை அவிழ்த்து, தரையிலேயே உட்கார்ந்து மதியம் வரை நோட்டுகளைப் படித்தார். இடையில் ஒரு தடவை, "என் மீன் என்னைப் பாக்குதான்னு நான் ஒருநாளும் யோசிக்கவே இல்லையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கிளம்பும்போது பேராசிரியரிடம், முதல் கொட்டகையையும் இரண்டாம் கொட்டகையையும் ஒன்றாகக் கலந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாலை நான்கு மணிக்குப் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு அந்தப் பக்கம் அதே நாற்காலி, அதே பச்சைப் பேனா. எதிரே அவளுடைய படிவம் இருந்தது. காலையில் இருந்ததைவிடப் பத்து வயது கூடியவர்போல இருந்தார். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் பாவம் பார்ப்பதற்காக அவள் வரவில்லை.

நேற்று வரை தெரியாத ஒன்றை இன்று தெரிந்துகொண்டேன் என்று அவர் தொடங்கினார். இன்று காலை மூன்று பேருக்கு முதுகைக் காட்டி நின்று பேசியவருக்குத் துணிவு ஒன்று என்று போடுவது அபத்தம் என்றார். இப்போதே அதை அடித்துவிட்டு நான்கு என்று போடுகிறேன், ஐந்துகூடப் போடலாம், ஒப்பந்தம் தானாக நீண்டுவிடும் என்றார். இந்தத் தடவை அதில் பேரம் எதுவும் இல்லை, மனதாரத்தான் சொன்னார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அவள் பேசாமல் நின்றாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு பழைய இடத்துக்கே போய் ஒட்டிக்கொண்டது. இங்கே திரும்பி நிற்பதற்குச் சுவர் பக்கத்தில் இல்லை. அவள் அவசரப்படவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. அழுத்தக்காரி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? கடைசியில் அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அதை அடிக்காதீங்க சார். அன்னிக்கு நீங்க பாத்தது ஒண்ணுதான். அது அப்படியே இருக்கட்டும். பக்கத்துல யார் பாத்ததுன்னு உங்க பேரை எழுதுங்க."

"எழுதினாலும் மொத்தம் பதினொண்ணுதான் வரும்மா. அப்படியே மேல போச்சுன்னா உங்க வேலை..."

"தெரியும் சார். போட்டும். உங்க பேரோட போட்டும்."

அவர் அவளையே பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. யார் முதலில் அசைகிறார்கள் என்று பார்த்தால், அசைந்தது அவர்தான். குனிந்து, துணிவுக் கட்டத்தின் ஓரத்தில் தன் பெயரை எழுதினார். எழுதிய கை நிற்கவில்லை, இருபது வருடப் பழக்கம். நாள் எழுதினார், நேரம் எழுதினார். 'எதிரே, மூன்றடி தள்ளி, முகத்தைப் பார்த்தபடி' என்று எழுதினார். 'ஒரே தடவை' என்று எழுதியதும் பேனா நின்றது.

படிவத்தைப் பின்பக்கம் திருப்பினார். அங்கே அவரே வகுத்து அச்சடித்த விதிகள் இருந்தன. மூன்றாவது விதியை விரலால் தொட்டுப் படித்தார். ஒரே ஒருவர் ஒரே ஒரு தடவை பார்த்த எண் எண்ணாகாது, குறைந்தது மூன்று பேர் மூன்று தடவை பார்க்கவேண்டும் என்று அதில் இருந்தது. தானே வகுத்த அந்த விதி பின்பக்கக் கொட்டகையின் சகதியை ஒருநாளும் தாண்டியதில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. படிவத்தின் குறுக்கே பெரிதாகச் 'செல்லாது' என்று எழுதினார். பிறகு ஒரு பெருமூச்சோடு மற்றப் பதினோரு பேரின் படிவங்களையும் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் தன் பெயரை எழுத ஆரம்பித்தார்.

"புது மதிப்பீடு முடியற வரைக்கும் எல்லாருக்கும் பழைய ஒப்பந்தமே நீடிக்கும்," என்றார் நிமிராமல். "மூணு பேர் மூணு தடவை பாத்து முடிக்க ஒரு வருஷம் ஆகும்."

அவள் தலையாட்டினாள். தண்ணீர் வைக்கிற நேரம் தாண்டிவிட்டது, கொட்டகையிலிருந்து கோழிகளின் கூச்சல் கேட்டது. வாசல் வரை போனவள் நின்று, திரும்பி வந்து, மேசைமேல் கிடந்த தன் படிவத்தின் கடைசி வரியில் விரலை வைத்தாள். இறகின் நிலை என்பதற்கு எதிரே அவர் இழுத்திருந்த கோடு அங்கே இருந்தது.

"இதுக்கு மூணு பேர் வேணாம் சார்," என்றாள். "நானே சொல்றேன், எழுதிக்குங்க. ஒண்ணுகூட உதிரல."